முதலில் யாருக்கு?

ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு நோயாளிகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் கல்லீரல் கெட்டுவிட்டது. மாற்று ஈரல் வைத்தாலொழிய இருவருக்கும் பிழைக்க வழியில்லை. ஒருவர் பதினான்கு மாதங்களாகக் காத்திருக்கிறார். மற்றவர் வந்து பத்து நாள்தான் ஆகிறது. இறந்துபோன ஒருவரின் குடும்பத்தார் மனமுவந்து கொடுத்த ஈரல் ஒன்று இன்றிரவு கிடைத்திருக்கிறது. ஒன்றே ஒன்றுதான். அதை யாருக்குக் கொடுப்பது?

ரயில் நிலையத்தில் டிக்கெட்டுக்கு நிற்கும் ஜனங்களைக் கேட்டால், "முன்னால் வந்தவருக்கு" என்று தயங்காமல் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலில் நியாயம் இல்லாமலில்லை. வரிசை என்பது ஏழைக்கும் தனவந்தனுக்கும் பொது. பெரிய மனிதரின் சிபாரிசுக் கடிதம் அங்கே செல்லாது. ஆனால், பதினான்கு மாதம் காத்திருந்தவர் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கக் கூடியவராகவும், பத்து நாளைக்கு முன் வந்தவர் இந்த மாதத்தைத் தாண்டாதவராகவும் இருந்தால் என்ன செய்வது? வரிசைப்படி நடந்தால் ஓர் உயிர் நிச்சயமாகப் போகும். வரிசையை மாற்றினால் இரண்டு உயிரும் தப்பக்கூடும். சரி, மாற்றலாம் என்று ஒப்புக்கொண்டாலும், "இவர் இந்த மாதம் தாண்டமாட்டார்" என்று சொல்வது யார்? எதை ஆதாரமாகக் கொண்டு சொல்வது? சொன்ன வாக்கை மற்றவர்கள் நம்புவது எப்படி?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிய வரலாற்றையே நாம் இன்று வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். இது டாக்டர்களுக்கு மட்டும் உரிய விஷயமென்று எண்ணி யாரும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கிடைத்தற்கரிய பொருள் ஒன்றைப் பலருக்குள் எவ்வாறு பங்கிடுகிறோம் என்பதைக் கொண்டே ஒரு சமூகத்தின் நீதியுணர்ச்சியை அளந்துவிடலாம். இங்கே பங்கிடப்படுவது அரிசியோ சீமை எண்ணெயோ அல்ல, உயிர். ஆகையால் பொதுக் காரியங்களில் சிரத்தையுள்ள ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

சிகிச்சை வந்த வழி

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இரத்தத்தைச் சுத்தி செய்யும் யந்திரம் இருக்கிறது. அதன் துணையால் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவர்கள் உண்டு. ஈரலுக்கு அப்படி ஒரு யந்திரம் இல்லை. உண்ட உணவின் சத்தைப் பக்குவப்படுத்துவது, விஷப் பொருள்களை முறிப்பது, பித்த நீரைச் சுரப்பது, காயம்பட்டால் இரத்தம் உறைவதற்கு வேண்டிய சரக்குகளைத் தயாரிப்பது ஆகிய அத்தனை வேலையையும் அந்த ஓர் உறுப்பே செய்கிறது. அது முற்றிலும் கெட்டுவிட்டால், வேறொரு மனிதரின் ஈரலை வைப்பதைத் தவிர நிலையான பரிகாரம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

மனிதருக்கு மாற்று ஈரல் வைக்கும் ரண சிகிச்சையை முதன்முதலில் செய்தவர் அமெரிக்க டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸல். 1963-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 1-ஆம் தேதி டென்வர் நகரில் மூன்று வயதுக் குழந்தைக்கு அதைச் செய்தார். சிகிச்சை நடக்கும்போதே குழந்தை இறந்துவிட்டது. தொடர்ந்து செய்த சிகிச்சைகளும் பலிக்கவில்லை. சில காலம் நிறுத்தி வைத்துவிட்டு, 1967-ல் மறுபடியும் தொடங்கி, நோயாளி ஓராண்டுக்கு மேல் உயிர் வாழ்ந்ததைக் கண்டார். பிறர் உறுப்பை உடல் தள்ளிவிடாமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வழக்கத்துக்கு வந்த பிறகுதான் இந்தச் சிகிச்சை காலூன்றியது. 1983-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையங்கள் கூட்டிய நிபுணர் மகாநாடு, இது இனிப் பரீட்சையல்ல, ஒழுங்கான சிகிச்சையே என்று முடிவு கூறிற்று. மறு வருஷம் அந்நாட்டுக் காங்கிரஸ் சபை ஒரு சட்டம் இயற்றியது. மனித உறுப்புகளை விலைக்கு விற்பதும் வாங்குவதும் அச்சட்டத்தின்படி குற்றம். கிடைத்த உறுப்புகளைத் தேசம் முழுவதற்கும் ஓர் ஒழுங்கின்படி பங்கிடுவதற்கு ஓர் அமைப்பும் ஏற்பட்டது.

அன்று முதல் பிரச்னையே மாறிவிட்டது. அதுவரை "செய்ய முடியுமா?" என்பது கேள்வி. அதற்குப் பின் "யாருக்குச் செய்வது?" என்பதே கேள்வி. தேவைப்பட்டவர்கள் தொகை ஏறிக்கொண்டே போயிற்று. ஈரல்கள் அந்த வேகத்தில் வரவில்லை. ஒருவருக்குக் கொடுப்பதென்றால் மற்றொருவருக்கு மறுப்பதென்று ஆயிற்று.

பழைய முறையின் பழுது

ஆதியில் அமெரிக்காவில் கையாண்ட முறை, நோயாளி படுத்திருக்கும் இடத்தைப் பார்ப்பது. தீவிர சிகிச்சை அறையில் இருப்பவருக்கு முதல் இடம். ஆஸ்பத்திரியின் சாதாரணப் படுக்கையில் இருப்பவருக்கு அடுத்த இடம். வீட்டில் இருப்பவருக்குக் கடைசி இடம். ஒரே தரத்தில் பலர் இருந்தால், அதிக நாள் காத்திருந்தவருக்கு முன்னுரிமை.

பார்வைக்கு இது நல்ல முறையாகத் தோன்றும். ஆனால் நோயாளியை எந்தப் படுக்கையில் படுக்க வைப்பதென்று தீர்மானிப்பவர் யார்? அவருடைய சொந்த டாக்டர். தம்மை நம்பி வந்தவரைக் காப்பாற்ற வேண்டுமென்று துடிக்கும் டாக்டர், வேண்டிய அளவுக்குச் சற்று முன்னதாகவே அவரைத் தீவிர சிகிச்சை அறையில் சேர்த்துவிட்டால் அவரைக் குறை கூற நமக்கு மனம் வராது. ஆயினும், அந்த ஒரு படுக்கையின் பலன் என்ன? எங்கேயோ வேறோர் ஆஸ்பத்திரியில், கண்டிப்பான ஒரு டாக்டரிடம் போய்ச் சேர்ந்த நோயாளி ஒருவர் ஒரு படி கீழே தள்ளப்பட்டார். வாதியின் வக்கீலே தீர்ப்பையும் எழுதும் நீதிமன்றம் ஒன்று இருந்தால், அதில் எத்தனை நல்ல வக்கீல்கள் இருந்தென்ன?

1990-களின் பிற்பகுதியில் வேறொரு அளவுகோலைச் சேர்த்துக்கொண்டார்கள். சைல்டு, டர்கோட் என்ற இரு ரண சிகிச்சை நிபுணர்கள் 1964-ல் வகுத்து, இங்கிலாந்தில் ப்யூ என்பவரும் அவருடைய சகாக்களும் 1973-ல் திருத்தியது அது. ஈரல் நோயாளி ரண சிகிச்சையைத் தாங்குவாரா என்று பார்ப்பதற்காக ஏற்பட்ட அதில் ஐந்து விஷயங்களுக்குப் புள்ளி போடுவார்கள். இரத்தத்தில் பிலிருபின் என்ற பித்தப் பொருள், அல்புமின் என்ற சத்து, இரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர் கோக்கும் மகோதரம், புத்தி மயக்கம் ஆகியவையே அந்த ஐந்து.

இவற்றுள் முதல் மூன்றும் பரிசோதனைச் சாலையில் அளக்கத் தக்கவை. கடைசி இரண்டும் டாக்டரின் கண்ணையும் கருத்தையும் பொறுத்தவை. வயிற்றில் நீர் சொற்பமா, அதிகமா? நோயாளி சற்றுக் குழம்பியிருக்கிறாரா, மிகவும் குழம்பியிருக்கிறாரா? ஒருவர் "சொற்பம்" என்பதை மற்றொருவர் "அதிகம்" என்னலாம். இரண்டு பேரும் யோக்கியர்களாகவே இருக்கலாம். தவிர, அளக்கத் தக்கதிலும் ஒரு குறை. பிலிருபின் டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டிவிட்டால் எல்லோருக்கும் ஒரே புள்ளிதான். 4 உள்ளவரும் 30 உள்ளவரும் அந்தக் கணக்கில் சமம்! சாகக் கிடப்பவரையும் நடமாடுகிறவரையும் பிரித்தறியாத தராசு அது. ஆகவே பெரும்பாலோர் ஒரே தரத்தில் குவிந்தனர்; கடைசியில் காத்திருந்த நாட்களே தீர்ப்பளித்தன. இதையறிந்த டாக்டர்கள், நோய் முற்றுவதற்கு வெகு முன்பே நோயாளிகளின் பெயரைப் பதிந்து வைத்தார்கள். பட்டியல் நீண்டது. உண்மையில் அவசரமுள்ளவர் அதன் வாலில் நின்றார்.

1998-ல் அமெரிக்க சர்க்காரின் சுகாதார இலாகா, இடத்தையும் நாளையும் விட்டு நோயின் அவசரத்தைக் கொண்டே பங்கிட வேண்டுமென்று ஒரு விதி செய்தது. இதற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. காங்கிரஸ் சபை விதியை ஒரு வருஷம் நிறுத்தி வைத்து, மருத்துவக் கழகம் என்ற நிபுணர் ஸ்தாபனத்தை விசாரிக்கச் சொல்லிற்று. 1999-ல் வெளிவந்த அதன் அறிக்கை, தீவிர நிலையில் இல்லாத நோயாளிகளைப் பொறுத்த வரையில், காத்திருந்த காலம் நோயின் அவசரத்தைக் காட்டும் அளவாகாது என்று தெளிவாகச் சொல்லிற்று. விதி 2000-ல் அமுலுக்கு வந்தது. அவசரத்தைக் கொண்டு பங்கிடு என்று சட்டம் சொல்லிவிட்டது. அவசரத்தை அளக்கும் கோல் எங்கே?

மூன்று இரத்தப் பரிசோதனைகள்

கோல் வேறொரு காரியத்துக்காக ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. மின்னஸோட்டா மாகாணத்திலுள்ள மேயோ வைத்தியசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், ஈரலுக்குள் இரத்தத்துக்குப் புது வழி அமைக்கும் ஒருவகைச் சிகிச்சைக்குப் பின் யார் பிழைப்பார், யார் விரைவில் இறப்பார் என்று முன்கூட்டி அறிய விரும்பினார்கள். நான்கு ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த 231 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு ஒரு சூத்திரம் கண்டு, 2000-ல் வெளியிட்டார்கள். 2001-ல் டாக்டர் பாட்ரிக் காமத்தும் சகாக்களும் அதே சூத்திரத்தை வேறு வகை ஈரல் நோயாளிகளிடம் பொருத்திப் பார்த்தார்கள். அங்கும் அது பலித்தது. "மெல்ட்" என்று பெயர் பெற்ற கணக்கு இதுதான்.

அதில் மகோதரமும் இல்லை, புத்தி மயக்கமும் இல்லை. மூன்றே மூன்று இரத்தப் பரிசோதனைகள். ஒன்று பிலிருபின், ஈரல் பித்தத்தை வெளியேற்றும் சக்தி குறையக் குறைய இது இரத்தத்தில் ஏறும். இரண்டு, ஐ.என்.ஆர்.; இரத்தம் உறைவதில் ஏற்படும் தாமதத்தை இது காட்டும். மூன்று, கிரியாட்டினின், இது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது. ஈரலைப் பற்றிய கணக்கில் சிறுநீரகத்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். முற்றிய ஈரல் நோய் சிறுநீரகத்தையும் உடன் இழுத்துக்கொண்டு போகும்; அந்தக் கட்டத்தில்தான் மரணம் நெருங்குகிறது.

இம்மூன்றின் மடக்கைகளை முறையே 3.78, 11.2, 9.57 என்ற எண்களால் பெருக்கிக் கூட்டி, 6.43-ஐச் சேர்த்தால் கணக்கு முடிந்தது. விடை 6 முதல் 40 வரை. எண் ஏற ஏற, மூன்று மாதத்துக்குள் இறக்கும் அபாயம் ஏறும். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருக்குப் பிலிருபின் 3, ஐ.என்.ஆர். 1.8, கிரியாட்டினின் 1.5. அவருடைய எண் 21. சில நாளில் சிறுநீரகம் தளர்ந்து கிரியாட்டினின் மட்டும் 3 ஆகிறது. மற்ற இரண்டும் மாறவில்லை. எண் 28 ஆகிவிடும். அவர் எத்தனை மாதம் காத்திருந்தார் என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை; எந்தப் படுக்கையில் இருக்கிறார், யாருக்கு வேண்டியவர், கையில் என்ன இருக்கிறது என்றும் கேட்பதில்லை. எந்தச் சிறு ஊரின் பரிசோதனைச் சாலையிலும் செய்யக்கூடிய மூன்று பரிசோதனைகள். பள்ளிக்கூடத்துப் பையனும் போடக்கூடிய கணக்கு. சாட்சியின் வாய்மொழியை விட்டு ஆவணத்தை ஏற்றுக்கொண்டது போன்ற மாறுதல் இது என்று வக்கீல் தொழிலில் பழகிய நமக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கப் பட்டியலில் காத்திருந்த 3,437 நோயாளிகளிடம் இதைப் பரீட்சித்து 2003-ல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். எண் 9-க்குக் கீழே இருந்தவர்களில் மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 2 பேருக்கும் குறைவு. எண் 40-ஐ எட்டியவர்களில் நூற்றுக்கு 71 பேர் இறந்தார்கள். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். இறந்த ஒருவரையும் பிழைத்த ஒருவரையும் ஜோடி சேர்த்து, இவர்களில் அபாயம் அதிகமுள்ளவர் யார் என்று கேட்டால், நூறு ஜோடிகளில் 83 ஜோடிகளுக்கு இக்கணக்கு சரியாகப் பதில் சொல்லும். பழைய ஐந்து விஷயக் கணக்கு 76-க்குத்தான் சொல்லும்.

2002 பிப்ரவரி 27-ஆம் தேதி முதல் அமெரிக்கா இந்த முறையை ஏற்றுக்கொண்டது. ஈரல் திடீரென்று செயலற்றுப் போனவர்களை மட்டும் தனி வகுப்பாக முன்னால் வைத்து, மற்ற எல்லோரையும் எண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தினார்கள். இடம் பிடித்து வைப்பதில் லாபமில்லை என்றவுடன் புதிதாகப் பெயர் பதிவோர் தொகை குறைந்தது. காத்திருக்கும்போது இறந்தவர்கள் தொகையும் ஓரளவு குறைந்தது. நோய் முற்றியவர்களுக்குக் கொடுத்ததால் சிகிச்சைக்குப் பின் பிழைப்பவர்கள் குறைந்துவிடுவார்கள் என்று பயந்தவர்கள் பயந்தபடி நடக்கவில்லை. 2005-ல் வெளியான ஆராய்ச்சி மற்றொன்றும் காட்டிற்று. எண் 15-க்குக் கீழே இருப்பவர்களுக்கு, முதல் ஓராண்டைப் பொறுத்த வரையில், காத்திருப்பதைவிட ரண சிகிச்சையே அதிக ஆபத்து. பழைய வரிசையில் நெடுநாள் நின்று, "நம் முறை வந்தது" என்று மகிழ்ந்து போனவர்களில் சிலர், போகாதிருந்தால் நெடுநாள் வாழ்ந்திருப்பார்கள்! ஐரோப்பாவில் பல நாடுகளும், பிரேஸிலும் 2006-ல் இம்முறையைப் பின்பற்றின.

எண்ணின் குறைகள்

இம்மட்டோடு நிறுத்தினால் நாம் பாதி உண்மையைச் சொன்னவர்களாவோம். நூற்றுக்கு 83 சரியென்றால் 17 தவறு. அந்த 17-ல் அகப்பட்டவர்கள் யார்?

முதலாவது, இரத்தத்தில் சோடியம் என்னும் உப்புச்சத்து குறைந்தவர்கள். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்குச் சோடியம் குறைவது வழக்கம். அது அபாயக் குறி. மூன்று பரிசோதனைகளில் அதற்கு இடமில்லை. அதையும் சேர்த்தால் சில உயிர்கள் தப்பும் என்று 2008-லேயே டாக்டர் கிம் முதலியோர் கணக்கிட்டுக் காட்டினார்கள். அமெரிக்க விதி மாறியது 2016-ல். எட்டு வருஷங்கள்!

இரண்டாவது, பெண்கள். இந்த விஷயத்தில் வாசகர்கள் கவனம் செலுத்த வேண்டும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. பெண்களுக்குச் சராசரியாகத் தசை குறைவு. ஆகவே ஆணுக்குப் பெண்ணுக்கு ஒரே அளவு சிறுநீரகம் கெட்டிருந்தாலும் பெண்ணின் கிரியாட்டினின் குறைவாகவே காட்டும். எண்ணும் குறையும், வரிசையில் அவள் பின்தங்குவாள். சூத்திரத்தில் பெண்களுக்கு விரோதமாக ஒரு சொல்லும் இல்லை. அதை வகுத்தவர்கள் மனத்திலும் இல்லை. எல்லோருக்கும் ஒரே கணக்கு. அப்படியிருந்தும், எண்முறை வந்தபின் பெண்கள் மாற்று ஈரல் கிடைக்காமல் இறப்பது ஆண்களைவிட அதிகமாயிற்று என்று 2008-ல் ஆராய்ச்சி காட்டிற்று. எல்லோரையும் ஒரே கோலால் அளப்பது சமத்துவம் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். கோல் யாருடைய உடம்பைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

இதற்குப் பரிகாரம் வந்தது 2023 ஜூலையில். "மெல்ட் 3.0" என்ற புதுக் கணக்கில் பெண்களுக்கு 1.33 புள்ளி சேர்த்தார்கள், அல்புமினையும் சேர்த்தார்கள், கிரியாட்டினினுக்கு முன்பு 4 வரை கொடுத்த செல்வாக்கை 3-ஓடு நிறுத்தினார்கள். 2002 முதல் 2023 வரை இருபத்தொரு வருஷங்கள். இடையில் எத்தனை பெண்கள் ஒரு புள்ளி குறைவால் பின்தங்கினார்கள்? எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது?

மூன்றாவது, ஈரலில் புற்றுநோய் கண்டவர்கள். கட்டி சிறிதாயிருக்கும்போது இரத்தப் பரிசோதனை நன்றாகவே இருக்கும். எண் தாழ்ந்தே நிற்கும். அதற்குள் கட்டி வளர்ந்து சிகிச்சைக்கே எட்டாமல் போய்விடும். 5 சென்டிமீட்டருக்கு மேற்படாத ஒரே கட்டி, அல்லது 3 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டிகள் மூன்று வரையில் இருந்தால் மாற்று ஈரலால் நல்ல பலனுண்டு என்று இத்தாலியின் மிலான் நகர டாக்டர்கள் 1996-ல் காட்டியிருந்தார்கள். ஆகவே இவர்களுக்கு விதிவிலக்காக அதிகப் புள்ளி கொடுத்தார்கள். 2002-ல் கொடுத்தது அளவு மிஞ்சிப் போயிற்று, மற்றவர்கள் பின்தள்ளப்பட்டார்கள். 2003-ல் குறைத்தார்கள், 2005-ல் மறுபடி குறைத்தார்கள். இரக்கத்தால் திறக்கும் கதவுக்கும் அளவு வேண்டும் என்பதற்கு இது உதாரணம்.

நான்காவது, எண் ஒன்றாயிருந்தும் ஊர் வேறானவர்கள். அமெரிக்காவில் நெடுங்காலம் ஈரல் கிடைத்த வட்டாரத்திலேயே முதலில் அதைப் பங்கிட்டார்கள். சில வட்டாரங்களில் தாழ்ந்த எண்ணுக்கே ஈரல் கிடைத்தது. சிலவற்றில் எண் மிக உயர்ந்தும் கிடைக்கவில்லை. 2009-ல் ஆப்பிள் கம்பெனியின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் மாற்று ஈரல் பெற்றது அவர் வசித்த கலிபோர்னியாவில் அல்ல. வெகு தூரத்திலுள்ள டென்னஸி மாகாணத்து மெம்பிஸ் நகரில். அவர் விதியை மீறவில்லை. அவருடைய இரத்தப் பிரிவில் அங்கே காத்திருந்தவர்களுள் அவரே மிகவும் நோயுற்றவர் என்று அந்த ஆஸ்பத்திரி அறிவித்தது. ஆனால், அழைத்த சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரக்கூடியவர்களுக்கே தொலைதூர ஊரில் பெயர் பதிந்து பயன். சொந்த விமானமில்லாத கூலிக்காரன் தன் வட்டாரத்திலேயே காத்திருக்க வேண்டியதுதான். வட்டார எல்லைகளை நீக்கித் தூரத்தைக் கணக்கிட்டுப் பங்கிடும் விதி 2020-ல்தான் வந்தது. எண் நேர்மையாயிருந்தால் போதாது. அது உட்கார்ந்திருக்கும் சட்டமும் நேர்மையாயிருக்க வேண்டும்.

பிரிட்டனின் வழி

பிரிட்டன் 2018-ல் வேறு வழியில் சென்றது. ஈரல் கிடைக்காவிட்டால் எவ்வளவு காலம் இருப்பார் என்று மட்டும் பாராமல், கிடைத்தால் எவ்வளவு காலம் இருப்பார் என்றும் பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் யாருக்கு அதிகமோ அவருக்கே கொடுப்பது அங்குள்ள முறை. நோயாளியைப் பற்றி 21 விவரங்களும் ஈரல் கொடுத்தவரைப் பற்றி 7 விவரங்களும் கணக்கில் சேரும். கருத்து மேலானது என்பதில் சந்தேகமில்லை. ஒரே ஈரல் அதிக ஆயுளைத் தருமிடத்தில் போய்ச் சேரட்டும் என்பதை யார் மறுப்பார்?

ஆனால் அங்கும் முறையீடுகள் எழுந்தன. கணக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் பார்ப்பதில்லை. ஈரல் கிடைத்தால் நாற்பது வருஷம் வாழக்கூடிய வாலிபனுக்கும் ஆறு வருஷம் வாழக்கூடிய முதியவருக்கும் அந்தக் கணக்கில் பலன் ஏறக்குறைய ஒன்றே. இதனால் இளவயதினருக்குப் பாதகம் ஏற்படுகிறதென்றும், புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கணக்கு தரும் விடைகள் நம்பத்தக்கவையல்லவென்றும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். மூன்று எண்களை நோயாளியே சரிபார்த்துக்கொள்ளலாம். இருபத்தெட்டு விவரங்களைச் சேர்த்துச் செய்யும் கணக்கை யார் சரிபார்ப்பது? "உமக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்கும் நோயாளிக்கு, "கணக்கு அப்படிச் சொல்கிறது" என்பது பதிலாகாது. பழைய காலத்தில் "பெரிய டாக்டர் அப்படிச் சொல்கிறார்" என்று சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இங்கேதான் விஷயத்தின் சாரம் இருக்கிறது. யார் விரைவில் இறப்பார் என்பது கணிதம் விடை சொல்லக்கூடிய கேள்வி. விரைவில் இறப்பவருக்குக் கொடுப்பதா, அதிகம் வாழ்பவருக்குக் கொடுப்பதா, வெகு நாள் காத்திருந்தவருக்குக் கொடுப்பதா என்பது கணிதத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அது தர்மத்தைப் பற்றிய கேள்வி. அதற்கு விடை சொல்லும் உரிமையும் பொறுப்பும் ஜனங்களுக்கும் அவர்கள் பிரதிநிதிகளுக்குமே உண்டு. நிபுணர் அளந்து கொடுக்கட்டும். எதை அளக்க வேண்டுமென்று சொல்ல வேண்டியவர்கள் நாம்.

நமக்கு உரியது

நம் தேசத்தில் 1994-ல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. உறுப்பு வியாபாரத்தைக் குற்றமாக்கி, மூளை இறந்தவரை இறந்தவராக அங்கீகரித்தது அச்சட்டம். தமிழ்நாட்டில் இறந்தவர்களின் உறுப்புகளைப் பெற்றுப் பங்கிடும் ஏற்பாடு 2008-ல் தொடங்கிற்று. உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என்று 2023-ல் மாநில சர்க்கார் அறிவித்ததை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் இந்தியாவில் நடக்கும் மாற்று ஈரல் சிகிச்சைகளில் பெரும்பாலானவை, உயிரோடிருக்கும் உறவினர் தம் ஈரலில் ஒரு பகுதியை வெட்டிக் கொடுப்பதால் நடப்பவையே. மனைவி கணவனுக்கும், மகன் தந்தைக்கும், தாய் குழந்தைக்கும் கொடுக்கிறார்கள். இவ்வித தானத்தில் ஊராருக்குள் வரிசை இல்லை. ஆனால் எண்ணுக்கு இங்கும் வேலை உண்டு. ஆரோக்கியமான ஒருவரைக் கத்தியின் கீழ் படுக்க வைக்க வேண்டிய தருணம் வந்துவிட்டதா, இன்னும் பொறுக்கலாமா என்று அந்தக் குடும்பம் அறிந்துகொள்ள வேண்டாமா? ஈரல் நோயாளி ஒவ்வொருவரும் தம் எண் என்னவென்று டாக்டரைக் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

உயிரோடிருப்பவர் கொடுப்பதற்கு வீட்டில் ஆள் வேண்டும். இரத்தப் பிரிவு பொருந்த வேண்டும். அந்தப் பாக்கியமில்லாதவருக்குப் பொதுப் பட்டியல் ஒன்றே கதி. அந்தப் பட்டியலின் விதிகள் பகிரங்கமாக இருக்க வேண்டும். எந்த நோயாளியும் தம் இடம் எது, ஏன் என்று கேட்டு எழுத்து மூலமாகப் பதில் பெறும்படி இருக்க வேண்டும். வருஷந்தோறும் யார் பெற்றார்கள், யார் பெறாமல் இறந்தார்கள், ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, சர்க்கார் ஆஸ்பத்திரியில் எத்தனை, தனியார் ஆஸ்பத்திரியில் எத்தனை என்று கணக்கு வெளிவர வேண்டும். அமெரிக்காவில் பெண்களுக்கு நேர்ந்த அநீதி வெளிப்பட்டது யாருடைய கருணையாலும் அல்ல. கணக்குகள் வெளியில் இருந்தபடியால் வெளிப்பட்டது. கணக்கு வெளியில் இருந்தும் திருத்த இருபத்தொரு வருஷம் ஆயிற்றென்றால், பூட்டி வைத்த கணக்கில் என்னென்ன இருக்கும்?

இன்னும் ஒன்று. எத்தனை நுட்பமான கணக்கும் ஓர் ஈரலை உண்டாக்காது. இருப்பதைப் பங்கிடத்தான் அதற்குத் தெரியும். இரண்டு பேருக்கு ஓர் ஈரல் என்ற நிலை இருக்கும்வரை, எவ்வளவு நேர்மையாகப் பங்கிட்டாலும் ஒருவர் இறக்கத்தான் செய்வார். நாம் ஆரம்பத்தில் சொன்ன இரண்டு நோயாளிகளுக்கும் உண்மையான பதில், இரண்டாவது ஈரல். அது எந்த ஆராய்ச்சிச் சாலையிலிருந்தும் வரப்போவதில்லை; விபத்தில் மகனைப் பறிகொடுத்துவிட்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நிற்கும் ஒரு தகப்பன் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் ஒரு வார்த்தையிலிருந்தே வரவேண்டும். அந்தத் துக்கத்திலும் அவர் அப்படிச் சொல்ல வேண்டுமானால், தாம் கொடுத்தது சிபாரிசுக்கும் பணத்துக்கும் போகாமல், அதிகம் தேவைப்பட்டவருக்கே போய்ச் சேரும் என்ற நம்பிக்கை அவருக்கு வேண்டும். பங்கீடு நேர்மையாயிருக்குமிடத்தில்தான் தானம் பெருகும்.

ஆகவே வாசகர்களை இரண்டு காரியங்கள் கேட்டுக்கொள்கிறோம். இன்றிரவே உங்கள் வீட்டாரிடம் உறுப்பு தானத்தைப் பற்றி உங்கள் சம்மதத்தை வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். சமயம் வரும்போது கேட்கப்படுவது அவர்களைத்தான். நாளைக் காலையில் உங்கள் சட்டசபை அங்கத்தினரிடம், பட்டியலின் விதிகளும் வருஷக் கணக்கும் ஜனங்களுக்கு எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.